மோட்டார் வண்டியிலே வானொலி

நெடும் பயணஞ் செய்வோனுக்கு ஒரு குரலின் துணை வேண்டும். மாட்டு வண்டியிற் சென்றவன் தானே பாடினான். பக்கத்தில் இருந்தவன் கதை சொன்னான். மோட்டார் இயந்திரம் வந்த பின்னர் அதன் இரைச்சல் பாட்டையும் கதையையும் ஒருங்கே விழுங்கிவிட்டது. அவ்வாறு இழந்த துணையை மீளப் பெறுவதற்கு மனிதன் கண்ட வழியே மோட்டார் வண்டியில் அமைக்கப்பட்ட வானொலிப் பெட்டியாகும்.

இன்று அந்தப் பெட்டி பழுதுற்ற ஒருவர் உதிரிப்பாகக் கடைக்குச் செல்கின்றார். அங்கே பளபளக்கும் திரைகளை உடைய பெட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கைத்தொலைபேசியுடன் இணையும் என்று ஒவ்வொன்றும் பறைசாற்றுகின்றது. விலையிலே பெரும் வேறுபாடு உண்டு. தோற்றத்திலோ வேறுபாடு சிறிது. எதனைத் தெரிவு செய்வது என்று அவர் மயங்கி நிற்கின்றார். அவருடைய மயக்கத்தைத் தீர்ப்பதற்கு விளம்பரத் தாள்களை விட அப்பெட்டியின் வரலாறே சிறந்த துணையாகும். எவை நிலைத்தன, எவை மறைந்தன, அவை ஏன் மறைந்தன என்பதை அறிந்தவர் எளிதில் ஏமாறமாட்டார்.

அவ்வரலாறு ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே தொடங்குகின்றது. அங்கே போல் கல்வின், ஜோசப் கல்வின் என்னும் சகோதரர் இருவர் 1928ஆம் ஆண்டிலே ஒரு சிறு தொழிற்சாலையை நிறுவினர். பற்றரியின்றி வீட்டு மின்சாரத்தில் வானொலியை இயக்கும் கருவியே அவர்கள் செய்த முதற்பொருள். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் வானொலிகள் பெருகவே அக்கருவிக்குத் தேவை குன்றிற்று. 1929இல் உண்டான பொருளாதார வீழ்ச்சியும் உடன் சேர்ந்துகொண்டது. வேறொரு பொருளைத் தேடிய கல்வின், காரிலே பொருத்தத்தக்க வானொலியைச் செய்யத் துணிந்தார். 1930ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அட்லாண்டிக் சிற்றியிலே வானொலி உற்பத்தியாளரின் மாநாடு கூடியது. மண்டபத்தினுள்ளே கடை அமைக்க அவருக்கு இடமில்லை. ஆகவே, வானொலி பூட்டிய தமது ஸ்டுடிபேக்கர் காரை வெளியே நிறுத்தி, போவோர் வருவோர் கேட்குமாறு அதனைப் பாடவிட்டார். வணிகர் சிலர் விலைக்கு வாங்க முன்வந்தனர். அந்தப் பெட்டிக்கு அவர் சூட்டிய பெயர் மோட்டோரோலா. மோட்டார் என்னும் சொல்லோடு, அந்நாளில் இசைக் கருவிகளின் பெயர்களிலே வழங்கிய விகுதியொன்றை ஒட்டி அப்பெயர் ஆக்கப்பட்டது. பின்னர், 1947இல், நிறுவனமே அப்பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டது.

அந்நாளில் அப்பெட்டியைப் பூட்டுவது எளிய காரியமன்று. வானொலியின் வால்வுகளுக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். காரின் பற்றரியோ ஆறு வோல்ற்று மாத்திரமே தரும். எனவே வேறு பற்றரிகளைத் தரைப்பலகையின் கீழே அடுக்க வேண்டியதாயிற்று. இயந்திரத்தின் தீப்பொறிச் செருகிகள் எழுப்பும் மின்பொறி ஒவ்வொன்றும் ஒலிபெருக்கியிலே வெடிப்பொலியாகக் கேட்டது. செருகிகளின் கம்பிகளிலே தடைகளை இணைத்தே அவ்விரைச்சலை அடக்கினர். ஐரோப்பாவிலே முதலாவது கார் வானொலி 1932ஆம் ஆண்டு யேர்மனியில் பிளௌபுங்க்ட் என்னும் பெயருடன் வெளிவந்தது. அதன் விலை 465 றைக்ஸ்மார்க். ஒரு காரின் விலையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அது என்பர். பெட்டி பருத்ததாகையால் சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் அதனை வைக்க முடியவில்லை; சுக்கானின் தண்டிலே பொருத்திய சிறு கருவியொன்றால் தூர நின்றே இயக்கினர்.

செல்வருக்கே உரியதாய் இருந்த அப்பொருள் மெல்லப் பரவியபோது எதிர்ப்பும் கிளம்பிற்று. சாரதியின் கவனத்தை வானொலி கலைத்துவிடும். கார்களில் அதனைத் தடைசெய்தல் வேண்டும் என்னும் யோசனைகள் 1930களில் ஐக்கிய அமெரிக்காவின் சில பகுதிகளில் எழுந்தன. வானொலி சாரதியை விழித்திருக்கச் செய்யும் என்று மறுதரப்பினர் வாதிட்டனர். இந்த வழக்கு அன்று தீரவில்லை. இன்று தொலைபேசித் திரையின் முன்னே மீண்டும் விசாரணைக்கு வந்திருக்கின்றது.

பெட்டியைச் சிறுக்கச் செய்தது திரான்சிற்றர். 1947ஆம் ஆண்டின் இறுதியில் பெல் ஆய்வுகூடத்திலே பிறந்த அச்சிறு பொருள், வால்வின் இடத்தைப் பிடிக்கச் சில ஆண்டுகளே சென்றன. 1955இல் கிறைஸ்லர் நிறுவனம் முற்றிலும் திரான்சிற்றரால் ஆன கார் வானொலியை அறிமுகஞ் செய்தது. வெப்பமும் பருமனும் நீங்கின. பற்றரியின் சுமை குறைந்தது. வானொலி காரின் முகப்புப் பலகையினுள்ளே அடக்கமாக அமர்ந்தது.

இதன்பின் கேட்போரின் விருப்பம் விரிந்தது. நிலையம் தருவதைக் கேட்டால் மாத்திரம் போதாது. தாம் விரும்பியதையும் கேட்டல் வேண்டும் என்றனர். 1956ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலே கிறைஸ்லர் நிறுவனம் ஓர் இசைத்தட்டுக் கருவியைப் பொருத்தியது. குலுங்கும் வண்டியிலும் ஊசி தாவாதவாறு அதனை அமைத்த பீற்றர் கோல்ட்மார்க் திறமை மிக்க பொறியியலாளரே. ஆனால், நிமிடத்துக்குப் பதினாறே முக்காலுக்குச் சற்றுக் குறைந்த சுற்றுகள் சுழலும் தனிவகைத் தட்டுக்களை மாத்திரமே அக்கருவி ஏற்றது. அவற்றை வெளியிட்டதும் ஒரே நிறுவனம். வீட்டிலே இருந்த தட்டுக்கள் காரிலே பயன்படவில்லை. காருக்கு வாங்கிய தட்டுக்கள் வீட்டில் உதவவில்லை. சில ஆண்டுகளுள் அக்கருவி கைவிடப்பட்டது.  வேறெவருடைய தட்டையும் ஏற்க மறுத்தமையும் அதற்கு ஒரு காரணமாகும்.

அடுத்து வந்தது எட்டுத்தட ஒலிநாடா. கல்வினின் தொடக்க காலப் பெட்டிக்குத் துணைநின்ற வில்லியம் லியர் என்பவரே 1964இல் இதனை உருவாக்கினார். 1966ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலே போர்ட் நிறுவனம் இதனை அளித்தபோது மக்கள் விரும்பி வாங்கினர். எனினும் அந்த நாடாவைப் பின்னோக்கிச் சுற்ற முடியாது. இதற்கு முன்னரே, 1963இல், ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் கைக்கடக்கமான கசற்றை வெளியிட்டிருந்தது. அந்நிறுவனம் அதன் அளவுகளையும் அமைப்பையும் ஏனைய நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்த இசைந்தது. அதனால் எந்த நிறுவனத்தின் கசற்றும் எந்த நிறுவனத்தின் கருவியிலும் பாடியது. எட்டுத்தடம் மறைய, கசற் நிலைத்தது. தனித்து ஆள விரும்பியது அழிந்தது, பொதுவாக்கப்பட்டது வாழ்ந்தது. இந்த வரலாற்றின் உட்பொருள் இவ்வொரு வாக்கியத்திலே அடங்கும்.

அவ்வுண்மைக்குப் பெருஞ்சான்று பெட்டியன்று. பெட்டி அமரும் துவாரமே. யேர்மன் நியம நிறுவனமாகிய டி.ஐ.என். கார் வானொலிக்கென ஓர் அளவை வகுத்தது. அகலம் 180 மில்லிமீற்றர், உயரம் 50 மில்லிமீற்றர். 1984ஆம் ஆண்டில் சர்வதேச நியம நிறுவகம் அதனை ஐ.எஸ்.ஓ. 7736 என்னும் இலக்கத்தோடு உலகுக்குப் பொதுவாக்கியது. யப்பானியர் அதே அகலத்தில் இருமடங்கு உயரத்தை, அதாவது 100 மில்லிமீற்றரை, வழக்கிற் கொண்டனர். இன்றைய திரைப்பெட்டிகள் பெரும்பாலும் இந்த இருமடங்கு அளவையே தழுவியவை. பின்னர் மின்கம்பிகளின் செருகிகளுக்கும் பொதுநியமம் ஏற்பட்டது. இதன் பயன் பெரிது. காரைச் செய்தவர் ஒருவராக, பெட்டியைச் செய்தவர் வேறொருவராக இருந்தபோதிலும் இரண்டும் பொருந்தின. உரிமையாளர் தம் பொருள்வசதிக்கும் செவிக்கும் ஏற்றதைத் தெரிவு செய்தார். பெட்டி பழுதுற்றால் காரைக் குறைகூற வேண்டியதில்லை. பெட்டியை மாற்றினாற் போதும்.

பொதுவான துவாரத்தினால் நன்மை பெற்றோருள் கள்வரும் அடங்குவர். ஒரு காரிலே கழற்றியது மற்றொரு காரிலே பொருந்துமாகையால், திருடிய பெட்டியை விற்பது இலகுவாயிற்று. 1980களில் நியூயோர்க் நகரிலே, இக்காரில் வானொலி இல்லை என்று எழுதிய அட்டையைக் கண்ணாடியில் வைத்துவிட்டுச் சென்றவர் பலர். பெட்டியின் முகத்தை மாத்திரம் கழற்றிக் கையோடு கொண்டுசெல்லும் ஏற்பாடும் அத்தொல்லையினாலேயே பரவியது.

இறுவட்டு 1982இல் விற்பனைக்கு வந்தது. 1984இல் காருக்கும் வந்தது. அப்போதும் துவாரம் மாறவில்லை. புதிய நூற்றாண்டு பிறந்த பின்னரே நிலைமை வேறாயிற்று. கார் உற்பத்தியாளர் வானொலியையும் குளிரூட்டியின் விசைகளையும் ஒரே முகப்பாக வார்த்தனர். சுக்கானிலே பொத்தான்களை அமைத்தனர். காரின் பல உறுப்புகளும் தம்முள்ளே செய்தி பரிமாறும் கம்பித்தொடருடன் வானொலியையும் பிணைத்தனர். அழகு கூடிற்று; ஆயின், மாற்றும் உரிமை சுருங்கிற்று. ஒவ்வொரு வகைக் காருக்கும் தனியான முகப்புச் சட்டமும், தனியான இணைப்புக் கம்பித்தொகுதியும் தேவைப்பட்டன.

இவ்வேளையிற் கைத்தொலைபேசி வந்து சேர்ந்தது. 1990களில் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்திலே, அருகிலுள்ள கருவிகளைக் கம்பியின்றி இணைக்கும் முறையொன்று உருவாயிற்று. அதனை ஒரு நிறுவனத்தின் உடைமையாக வைத்திராது, 1998இல் எரிக்சன், நொக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தொஷிபா ஆகிய ஐந்தும் ஒரு கூட்டமைப்பை நிறுவிப் பொதுநியமமாக்கின. பத்தாம் நூற்றாண்டிலே டென்மார்க்கை ஒன்றுபடுத்திய அரசன் ஹரால்டின் சிறப்புப் பெயர் புளூடூத். பிரிந்திருப்பவற்றை ஒன்றிணைப்பது என்னும் பொருத்தம் பற்றி அப்பெயரை இம்முறைக்கு வைத்தனர். இம்முறையிலே தொலைபேசி அழைப்புக்கு ஒரு வழியும் இசைக்கு மற்றொரு வழியும் உண்டு. கார்ப் பெட்டி இரண்டையும் ஏற்கவல்லதா என்று நோக்குதல் அவசியம்.

2014ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் கார்ப்பிளே என்பதனையும், அடுத்த ஆண்டில் கூகிள் நிறுவனம் அன்ட்ரொயிட் ஓட்டோ என்பதனையும் வழங்கின. இவை தோன்றியமை பெட்டியின் தன்மையையே மாற்றிவிட்டது. வழிகாட்டும் வரைபடமும் இசையும் செய்தியும் தொலைபேசியிலே இருக்கின்றன. காரின் திரை அவற்றைக் காட்டும் சாளரமாகின்றது. தொலைபேசியைச் சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்றுவோர், காரைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வைத்திருப்பர். அறிவெல்லாம் தன்னகத்தே கொண்ட பெட்டி காலப்போக்கிற் பழமைப்படும். சாளரமாக நிற்கும் பெட்டியோ தொலைபேசி புதுமை பெறுந்தோறும் தானும் புதுமை பெறும்.

இங்கேயும் உரிமை பற்றிய போட்டி ஓயவில்லை. 2023ஆம் ஆண்டிலே ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் தன் எதிர்கால மின்சாரக் கார்களில் இவ்விரு இணைப்புக்களையும் நீக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டில் போர்ட் நிறுவனம் தன் புதிய கார்களிலிருந்து மத்திய அலை வானொலியை அகற்ற எண்ணியது. அவசர கால அறிவித்தல்கள் அவ்வலையிலே செல்வதைச் சட்டமன்றத்தினர் எடுத்துக்காட்டவே, மே மாதத்தில் அம்முடிவைக் கைவிட்டது. நோர்வேயிலோ 2017ஆம் ஆண்டினுள் தேசிய நிலையங்கள் யாவும் பண்பலையை விட்டு எண்முறை ஒலிபரப்புக்கு மாறின. ஓடுகின்ற கார்கள் பலவற்றில் நல்ல நிலையிலிருந்த வானொலிகள் அந்நிலையங்களைப் பொறுத்தவரை ஊமையாயின. அவற்றுக்கு இணைகருவியோ புதிய பெட்டியோ தேடவேண்டியதாயிற்று. பெட்டியை வாங்குவோர் அதனுள் வரும் அலையையும் எண்ணுதல் வேண்டும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

இலங்கையில் இவ்வுதாரணம் வேறொரு வடிவிலே காணப்படுகின்றது. இந்நாட்டுத் தெருக்களில் ஓடும் கார்களுள் பல, யப்பானிலே சில காலம் ஓடி இங்கு இறக்குமதியானவை. யப்பானின் பண்பலை 76 மெகாஹேட்சில் தொடங்கி முன்னாளில் 90 உடன் முடிந்தது. பின்னர் 95 வரை நீண்டது. இலங்கையின் நிலையங்களோ 88 முதல் 108 வரை பரந்திருக்கின்றன. ஆகவே யப்பானியப் பெட்டி இலங்கை நிலையங்களுட் பெரும்பாலானவற்றை எட்டமாட்டாது. அன்ரெனாக் கம்பியினிடையே ஒரு சிறு அலைமாற்றியைச் செருகிச் சமாளிப்பது வழக்கம். அதனாற் பெட்டி காட்டும் எண் ஒன்றாகவும் நிலையத்தின் எண் வேறொன்றாகவும் இருக்கும். ஒலியின் தெளிவும் சில இடங்களிற் குன்றும். எழுத்துக்கள் யப்பான் மொழியில் இருப்பதும், பற்றரியைக் கழற்றி மாட்டியதும் சில பெட்டிகள் இரகசிய இலக்கம் கேட்டுப் பூட்டிக்கொள்வதும் கூடுதலான இன்னல்கள். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய காரையே பேணவேண்டியவராயினர் மக்கள். காரை மாற்ற இயலாதவர் பெட்டியையேனும் மாற்ற எண்ணுவது இயல்பே.

அவ்வாறு மாற்றுவோர்க்கு இவ்வரலாறு புகட்டும் பாடங்கள் தெளிவானவை. முதலாவது, அளவு. காரின் துவாரம் ஒற்றை உயரமா, இரட்டை உயரமா, அன்றித் தனி வடிவமா என்று அளந்த பின்னரே கடைக்குச் செல்லல் வேண்டும். பெட்டியின் ஆழத்துக்கு உள்ளே இடமுண்டா என்பதையும் பார்த்தல் நன்று. இரண்டாவது, கம்பி. காரோடு வந்த செருகியை வெட்டி முறுக்கி ஒட்டுவதைத் தவிர்த்து, அதற்குரிய இணைப்புக் கம்பித்தொகுதியை வாங்குதல் சிறந்தது. எப்போதும் மின் தரும் கம்பியும், சாவி திருப்பியபோது மாத்திரம் மின் தரும் கம்பியும் இடம்மாறினால், இயந்திரம் நிற்கும்போதெல்லாம் பெட்டி தன் ஞாபகத்தை இழந்துவிடும். சுக்கானின் பொத்தான்களும் பின்புறக் கமராவும் தொடர்ந்து இயங்குமா என்பதை முன்கூட்டியே கேட்டல் வேண்டும்.

மூன்றாவது, அலை. 87.5 முதல் 108 மெகாஹேட்ஸ் வரை அலைமாற்றியின்றி ஏற்கும் பெட்டியே இந்நாட்டுக்கு உரியது. மலைநாட்டு வளைவுகளில் தொலைபேசியின் இணைப்பு அறுந்த பின்னரும் வானொலி பேசக்கூடும். வெள்ளமும் மண்சரிவும் நேரும் நாட்டிலே இதனைச் சிறு விடயமாகக் கருதலாகாது. நான்காவது, பொதுநியமம். ஒரு நிறுவனத்தின் தனிச்செயலிக்கே பணியும் பெட்டியை விட, இருவகைத் தொலைபேசிகளையும் ஏற்கும் பெட்டி நெடுநாள் உதவும். இன்று ஒருவகைத் தொலைபேசி வைத்திருப்பவர் நாளை மற்றவகையை வாங்கலாம். வீட்டிலுள்ள மற்றொருவர் இன்றே அதனை வைத்திருக்கலாம். தனிவகைத் தட்டையே ஏற்ற அந்தப் பழைய கருவியின் கதையை இவ்விடத்திலே நினைவுகூர்தல் தகும்.

ஐந்தாவது பாடமே யாவற்றினும் பெரியது. அது உயிரைப் பற்றியது. 2020ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் ஓட்டப் பாவிப்புக் கருவியொன்றிற் சாரதிகளை அமர்த்தி ஆய்வு நடத்தினர். இவ்விணைப்புக்களைத் திரையைத் தொட்டு இயக்கியபோது, எதிர்ப்படுவதற்கு ஏற்ப அவர்கள் செயற்பட எடுத்த நேரம் அரைப்பங்குக்கும் மேலாகக் கூடிற்று. குரலால் இயக்கியபோது கூடிய நேரம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. குரலும் முற்றாகத் தீங்கற்றதன்று. திரையை விடத் தீங்கு குறைந்தது, அவ்வளவே. ஆதலால், ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் கண் திருப்பாது விரலால் உணரத்தக்க திருகியை உடைய பெட்டியும், பேசுவோர் குரலைத் தெளிவாக ஏற்கும் ஒலிவாங்கியும் பெரிய திரையை விட மேலானவை. போகும் இடத்தைப் புறப்படுமுன்னரே குறித்து வைப்பதும், நீண்ட உரையாடலை வண்டியை ஓரமாக நிறுத்திய பின்னர் வைத்துக்கொள்வதும் எந்தப் பெட்டியோடும் விலைக்கு வாங்கமுடியாத பழக்கங்கள்.

1930களில் வானொலியைக் குறித்து அச்சமுற்றோர் முற்றும் தவறினர் அல்லர். அதனை வரவேற்றோரும் முற்றும் தவறினர் அல்லர். அட்லாண்டிக் சிற்றியிலே தெருவோரம் நின்று பாடிய பெட்டி, பயணிக்கு ஒரு துணையாகவே பிறந்தது. துணைக்கு அமர்ந்தவர் சுக்கானைப் பற்றி இழுத்தல் தகாது. கண்ணைத் தெருவிலே இருக்கவிட்டுச் செவிக்கு மாத்திரம் விருந்தளிப்பதும், பழுதுற்றபோது உரிமையாளர் கையாலே மாற்றத்தக்கதாய் இருப்பதும் நல்ல பெட்டியின் இலக்கணங்கள். அவ்விலக்கணங்களை மனத்திற் கொண்டு கடைக்குச் செல்பவர், எத்தனை திரைகள் ஒளிர்ந்தபோதும் தமக்குரியதை அறிந்து கொள்வர்.